செப்புத்திருமேனி விளையாட்டுக்குப் படம் வரைதல்: ஒரு மாணவர் அணியின் குறிப்புகள்

ஓர் அருங்காட்சியகத்தின் செப்புத்திருமேனிக் கூடத்தில் வைக்க ஒரு தொடுதிரை விளையாட்டு. எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கானது. மெழுகில் உருவம் பிடிப்பது, மண் பூசுவது, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றுவது, அந்த இடத்தில் உலோகம் ஊற்றுவது, மண்ணை உடைத்து அரம் போடுவது என்று கும்பகோணம் அருகே உள்ள சுவாமிமலையின் வார்ப்பு முறை முழுவதையும் பிள்ளை விரலால் செய்து பார்க்கும். ஓவிய வேலை முழுக்க மாணவர் அணியாகிய எங்களுடையது. இதே மாதிரி வேலையில் இறங்கும் அணிகளுக்குப் பயன்படும் என்று எழுதுகிறோம்.

முதலில் திரையை அளந்துவிடுங்கள். எங்களுக்குக் கிடைத்தது 43 அங்குலத் திரை, நெட்டுக்குத்தாக, 1080க்கு 1920 பிக்சல். அதாவது 53.5 செ.மீ. அகலம், 95 செ.மீ. உயரம், ஒரு சென்டிமீட்டருக்கு 20 பிக்சல்தான். மடிக்கணினியில் கச்சிதமாகத் தெரியும் மெல்லிய கோடு இங்கே படிக்கட்டு மாதிரி தெரியும். வெளிக்கோடு 4 பிக்சல், உள்கோடு 3 பிக்சல் என்று வைத்தோம். சின்ன விரலுக்குப் பொத்தான் 3 செ.மீ.யாவது வேண்டும், ஆக 60 பிக்சல். திரையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் இருந்தது. 110 செ.மீ.க்கு மேல் போனால் சிறு பிள்ளைக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் கை எட்டுவது சிரமம். ஆகவே தொட வேண்டியவை எல்லாம் கீழே 1000 பிக்சலுக்குள் அடங்கின. மேல் பாதி பார்ப்பதற்கு மட்டும். வரைவுப் படத்தை ஃப்ளெக்ஸ் கடையில் அசல் அளவில் அச்சடித்துச் சுவரில் அதே உயரத்தில் ஒட்டிப் பாருங்கள். கணினியில் கண்ணுக்குப் படாத தவறுகள் அங்கே உடனே தெரியும்.

அடுத்தது புகைப்படம். அனுமதிக் கடிதம் வாங்கியபின் ஃப்ளாஷ் இல்லாமல்தான் எடுக்க வேண்டும். கைபேசியைக் கிட்டே கொண்டுபோய் எடுத்தால் அகலக் கோண லென்ஸ் முன்னே நீண்ட கையைப் பெரிதாக்கி, தலையைச் சிறிதாக்கிவிடும். அந்தப் படத்தின் மேல் கோடு இழுத்தால் அளவு மொத்தமும் கெட்டுப்போகும். மூன்று மீட்டர் தள்ளி நின்று, இரண்டு அல்லது மூன்று மடங்கு ஜூமில், திருமேனியின் இடுப்பு உயரத்துக்குக் கேமராவைப் பிடித்து எடுங்கள். கண்ணாடிப் பேழையின் பளபளப்பைக் குறைக்க போலரைசர் வடிகட்டி உதவும்.

அளவுதான் இந்த வேலையின் உயிர். பிள்ளைகளுக்கான விளையாட்டு என்றதும் பெரிய தலை, குட்டி உடம்பு என்று வரையத்தான் கை போகும். விளையாட்டில் வரும் ஸ்தபதியையும் (சிலை வடிக்கும் கலைஞர்) அவருக்கு உதவும் சிறுமியையும் அப்படி வரைந்தோம், நன்றாகவே இருந்தது. திருமேனிகளுக்கு அது ஆகாது. சிவன், திருமால் உருவங்களுக்குச் சிற்ப நூல்கள் சொல்லும் அளவு உத்தம தசதாளம், அதாவது உச்சி முதல் பாதம் வரை 124 அங்குலம். உமைக்கு மத்திம தசதாளம், 120. இந்த அங்குலம் நம் ஸ்கேலில் உள்ளதல்ல, அந்தந்த உருவத்தின் உயரத்தைப் பங்கிட்டு வருவது. ஸ்தபதிகள் தென்னை ஓலையை உயரத்துக்கு நறுக்கி, மடித்துக் குறிப்பார்கள். நாங்கள் ஓர் அங்குலத்துக்கு 5 பிக்சல் வைத்தோம்: சிவன் 620 பிக்சல், உமை 600. கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் 5 பிக்சல் கட்டங்களை இயக்கிவிட்டால் அதுவே ஓலை. யார் வரைந்தாலும் உருவம் ஒரே கையில் பிறந்ததுபோல் வந்ததற்கு இதுதான் காரணம்.

விளையாட்டுக்கு வரைகிறவர்களிடம் உள்ள ஒரு பழக்கத்தை இங்கே முழுவதும் விட்டுவிட வேண்டும்: படத்தை இடவலமாகத் திருப்பிப் போடுவது. நடராசரைத் திருப்பினால் உடுக்கை இடக்கைக்கும் தீ வலக்கைக்கும் போய்விடும். தூக்கிய திருவடி வலதாகிவிடும். இடத்தோளில் கிடக்க வேண்டிய பூணூல் வலத்தோளில் ஏறும், அது நீத்தார் கடனுக்குரிய முறை. பல நடராசர் மேனிகளில் வலக்காதில் மகர குண்டலம், இடக்காதில் தோடு, அதுவும் மாறும். பேழைக்குள் இருப்பதையும் திரையில் இருப்பதையும் மாறி மாறிப் பார்க்கும் பிள்ளை இதைக் கண்டுபிடித்துவிடும். கோப்புப் பெயரிலேயே திருப்பக் கூடாது என்று எழுதி நிரலாளரிடம் கொடுத்தோம்.

நிறத்தில் இன்னொரு சிக்கல். சிலை என்றதும் தங்க மஞ்சள் பூசத் தோன்றும். ஆனால் தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்த மெழுகு உருவம் கரும்பழுப்பு. மண்ணை உடைத்து வெளியே வரும் வார்ப்பு மங்கிய கறுப்பு. அரம் போட்டு, உளியால் செதுக்கி, தேய்த்தபின்தான் பளபளப்பு. கூடத்தில் உள்ளவையோ பச்சையும் பழுப்பும் ஏறியவை. மண்ணில் புதைந்து கிடந்து, 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி வந்தவை அவற்றுள் பல. எனவே ஒரே உருவத்துக்கு நான்கு நிறத்தட்டுகள் வைத்தோம். கடைசிக் காட்சியில் பளபளப்பு மெல்ல மங்கிப் பச்சையாகி, பேழையில் உள்ள மேனியின் நிறத்தில் நிற்கும். பிள்ளை திரும்பிப் பேழையைப் பார்ப்பது அந்த நொடியில்தான். எங்களைக் கேட்டால், மொத்த விளையாட்டும் அதற்காகத்தான்.

வார்ப்பின் படிகளை ஸ்தபதியிடம் காட்டாமல் வண்ணம் தீட்ட உட்காராதீர்கள். முதல் பூச்சு காவிரி வண்டல் மண், மைபோல் நைசாக. நகையின் நுணுக்கம் பதிவது அதில்தான். அடுத்தடுத்த பூச்சுகள் சொரசொரப்பானவை, அதன் மேல் கம்பிக் கட்டு. காய வைப்பது நிழலில். பின்னணியில் சுள்ளென்று வெயில் வரைந்தால் தவறு, உள்ளே மெழுகு இளகிவிடும். உலோகம் ஊற்றும் வாயோடு காற்றுப் போக்கியும் வேண்டும். அது இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட காற்று உலோகத்தை ஓட விடாது. இதைத் தோல்விக் காட்சியாகவே வரைந்தோம்: திரி வைக்கும் முகம் நிரம்பாமல், குமிழிக் குழிகளோடு வந்த ஒரு குத்துவிளக்கு. தெய்வ உருவத்தை ஊனமாகக் காட்ட மனம் வரவில்லை. உலோகக் கணக்கும் படத்தில் உண்டு: மெழுகு எடையைப் போல் எட்டு முதல் பத்து மடங்கு. தராசில் ஒரு தட்டில் மெழுகு, மறு தட்டில் செப்புக் கட்டிகள்.

மண்ணை உடைக்கும் கட்டத்தில் சுத்தியல் விளிம்பு மண்ணில் மட்டும் படும்படி அசைவை அமைத்தோம். மதிப்பெண் எண்கள் திருமேனியின் மேல் தோன்றக் கூடாது என்று காப்பாட்சியர் சொன்னது மிகச் சரி. கண் திறப்பு, அதாவது திருமேனியின் கண்ணைக் கடைசியாகச் செதுக்குவது, சடங்கு சார்ந்தது. அதைத் தட்டி விளையாடும் கட்டமாக்காமல் அசையாப் படமாக விட்டோம்.

தொழில்நுட்பத்தில் மூன்று இடங்களில் எல்லா அணியும் தடுக்கும். 1024க்கு 1024 படம் ஒன்று நினைவகத்தில் 4 எம்.பி. பிடிக்கும், 60 படச் சட்டங்களாக அசைவு வரைந்தால் 240 எம்.பி., சின்னக் கணினி திணறும். கை, தோள், கருவி எனத் துண்டுகளாக வெட்டி எலும்புக்கூடு முறையில் அசைத்தால் ஒரே படத்தில் முடியும். இரண்டாவது, வெட்டிய துண்டைச் சுற்றி வரும் வெள்ளை ஓரம். ஒளிபுகும் பிக்சல்களுக்குள் வெள்ளை நிறம் ஒளிந்திருப்பதால் வருவது. விளையாட்டை உருவாக்கும் மென்பொருளான கோடோவின் இறக்குமதி அமைப்பில் ஆல்ஃபா (ஒளிபுகு அளவு) ஓரத்தைச் சரிசெய்யும் தெரிவை இயக்கினால் போய்விடும். மூன்றாவது எழுத்து. எழுத்தைப் படத்தோடு சேர்த்து வரையவே கூடாது, ஒரு சொல் மாறினாலும் படம் முழுக்க மறுபடி வரைய வேண்டும். கோடோ 3இல் ஒற்றைக்கொம்பு இடம் மாறி உட்காரும். 4இல் தமிழ் ஒழுங்காக வரும். பொத்தானை ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்து வரைந்தால் தமிழ் வழிந்து வெளியே நிற்கும். ஆகவே தமிழை முதலில் போட்டு அளவெடுங்கள். எழுத்து 36 பிக்சல், வரி உயரம் ஒன்றரை மடங்கு.

ஒப்படைக்கும்போது ஏற்றுமதி செய்த படங்களை மட்டும் கொடுத்தால் போதாது. அடுக்குகள் கலையாத மூலக் கோப்புகள், நான்கு நிறத்தட்டுகளின் எண்கள், எழுத்துருவும் அதன் உரிமக் கோப்பும், புகைப்பட அனுமதிக் கடிதத்தின் நகல் எல்லாம் ஒரே கோப்புறையில் போக வேண்டும். அணி படிப்பை முடித்துப் போனபின், புதிதாக ஒரு திருமேனியைச் சேர்க்கப்போகிறவருக்கு முதலில் தேவைப்படுவது அந்த 5 பிக்சல் கட்டம் போட்ட வெற்றுக் கோப்பு. அதையும் சேர்த்து வையுங்கள்.