குவாமில் நின்ற கப்பல்

சாயங்காலம் சில்வர் பீச்சில் தம்பியோடு உட்கார்ந்திருந்தேன். சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறவன். 2020-ல் கொரோனா சமயத்தில், ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்ப வழியில்லாமல் மாசக்கணக்கில் கடலிலேயே கிடந்தான். பேச்சு எப்படியோ கேப்டன் பிரெட் குரோசியர் பக்கம் போனது.

அவர் அமெரிக்கக் கடற்படையின் தியோடர் ரூஸ்வெல்ட் விமானந்தாங்கிக் கப்பலின் கேப்டன். அந்த வருஷம் கப்பலில் கொரோனா பரவி, பசிபிக் தீவான குவாமில் நின்றிருந்தது. கிட்டத்தட்ட 4,800 பேர். மூணடுக்குப் படுக்கை, குறுகலான நடை, எல்லோருக்கும் ஒரே சாப்பாட்டுக்கூடம். இடைவெளி விட்டு நில் என்றால் எங்கே நிற்பது? மார்ச் 30 அன்று கேப்டன் மேலிடத்துக்கு எழுதினார்: இப்போது போர் நடக்கவில்லை, மாலுமிகள் சாக வேண்டியதில்லை, பெரும்பாலானவர்களைக் கரையிறக்குங்கள். கடிதம் பத்திரிகையில் வந்துவிட்டது. ஏப்ரல் 2-ல் பதவி பறிபோனது. அவர் இறங்கிப் போகையில் மாலுமிகள் திரண்டு நின்று அவர் பெயரைச் சொல்லி முழங்கினார்கள். அந்த வீடியோவைப் பார்த்து அப்போதே அழுதேன்.

கடற்படையின் பொறுப்புச் செயலர் தாமஸ் மாட்லி குவாமுக்கே பறந்து வந்து, கப்பல் ஒலிபெருக்கியில் கேப்டனை அப்பாவி, இல்லை முட்டாள் என்கிற மாதிரி பேசினார். அதில் எழுந்த எதிர்ப்பில் ஏப்ரல் 7-ல் அவரே விலகினார். அதற்கடுத்த ஆறே நாளில் அந்தக் கப்பலின் மாலுமி ஒருவர் கொரோனாவில் இறந்தார். மொத்தம் 1,200 பேருக்கு மேல் தொற்று.

கடிதத்தை அனுப்பிய முறை தப்பு என்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும். எனக்கு அந்தப் பிள்ளைகளின் உயிர்தான் பெரிசு.

தம்பி ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "எங்களுக்காக ஒருத்தர் அப்படி எழுதியிருந்தா, அம்மா ராத்திரி போனைத் தலைமாட்டுல வச்சுத் தூங்கியிருக்க மாட்டாங்கக்கா" என்றான்.