அடைக்கலக் குருவியும் கறுப்புத் தொப்பிக்காரனும்

கனடாவில் நான் முதன்முதலாக உற்றுப் பார்த்த பறவை ஒரு நாணயத்தில் இருந்தது. ஒரு டொலர் நாணயத்தின் பின்பக்கத்தில் ஏரிநீரில் மிதந்துகொண்டிருக்கும் அந்தப் பறவையை இரண்டு ஆண்டுகளாக வாத்து என்றே எண்ணியிருந்தேன். அது வாத்து அல்ல, லூன் என்னும் தனியினம் என்பதோ, 1987இல் வெளிவந்த அந்த நாணயத்தை எல்லோரும் ‘லூனி’ என்று அழைப்பதற்கு அந்தப் பறவையே காரணம் என்பதோ எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நாள்தோறும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்த ஒன்றின் பெயரைக்கூடக் கேட்டறியாமல் ஒரு நாட்டில் இரண்டு ஆண்டுகள் இருந்திருக்கிறேன் என்பது விளங்கியபோது எனக்குக் கூச்சமாகவே இருந்தது.

ஊரில் இருந்தபோது பறவைகள்மீது எனக்குத் தனியான ஈடுபாடு எதுவும் இருந்ததில்லை. ஆனால் பெயர்கள் தெரிந்திருந்தன. வேலியோரத்தில் தத்தி நடக்கும் செண்பகத்தையும், கூட்டமாகச் சேர்ந்து கத்தும் புலுனிகளையும், உச்சி வெயிலில் எங்கிருந்தோ சலிக்காமல் குரல் கொடுக்கும் குக்குறுவானையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் சொல்லிவிடுவேன். யாரும் கற்பிக்காமல் தானாக வந்து சேர்ந்த அறிவு அது; அதை ஓர் அறிவு என்று நான் எண்ணியதும் இல்லை. ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் முதலாவது குளிர்காலத்தில், இலையெல்லாம் உதிர்ந்து நின்ற மரங்களுக்கு நடுவே பேருந்துக்காகக் காத்திருந்தபோதுதான் அந்த அறிவின் இழப்பு எனக்கு உறைத்தது. மரத்துக்கும் பெயர் தெரியவில்லை, மரத்தில் இருந்த பறவைக்கும் பெயர் தெரியவில்லை.

ஒன்று மட்டும் தெரிந்திருந்தது. தரிப்பிடத்தின் கூரைக்கடியில் இறகுகளை உப்பி, உடலை உருண்டையாக்கிக்கொண்டு நான்கைந்து அடைக்கலக் குருவிகள் இருந்தன. பலரும் சிட்டுக்குருவி என்று சொல்வதை எங்கள் வீட்டில் அப்படித்தான் அழைப்போம். மனிதரின் வீட்டுக்குள் வந்து அடைக்கலம் புகுவதால் வந்த பெயர். என்னுடைய அகதி விண்ணப்பம் முடிவாகாமல் இருந்த காலம் அது. அந்தப் பெயர் நினைவில் எழுந்தபோது பேருந்து வந்து நின்றதைக்கூட நான் கவனிக்கவில்லை. அந்தக் குருவியும் இந்தக் கண்டத்துக்கு உரியது அல்ல என்பதைப் பின்னர் படித்தேன். 1850களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து நியூயோர்க்கின் புறூக்ளினில் விடப்பட்ட குருவிகளிலிருந்து பெருகி, கண்டம் முழுவதும் பரவியிருக்கிறது. இங்குள்ள பறவை ஆர்வலர்கள் பலருக்கு அதைப் பிடிப்பதில்லை. நீலப்பறவை போன்ற உள்ளூர் இனங்களின் பொந்துகளை அது பறித்துக்கொள்கிறது. அந்தக் குற்றச்சாட்டு சரியானதுதான். ஆயினும் அந்தப் பனிக்காலத்தில் எனக்குத் துணையாக இருந்தது அதுதான் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும்.

பறவை பார்ப்பது ஒரு வழக்கமாக மாறியது, 2014இல் அம்மா வந்து சேர்ந்த பிறகு. எங்கள் தொடர்மாடிக் குடியிருப்பின் பின்புறம் ஹைலண்ட் கிறீக் ஓடையை நோக்கிச் சரியும் மரச்சோலை இருக்கிறது. நான் வேலைக்குப் போனதும் அம்மாவுக்குப் பேச ஆளில்லை. நாள் முழுவதும் நான்காம் மாடி யன்னலுக்கு அருகே அமர்ந்திருப்பார். பல்கனியில் தீனி வைப்பதற்கு நிர்வாகம் அனுமதிக்கவில்லை. அப்படியிருந்தும் ஒரு சிறு பறவை நாள்தோறும் வந்து கம்பியில் அமர்ந்து, அம்மாவைத் தலை சாய்த்துப் பார்த்துவிட்டுப் போகத் தொடங்கியது. “பிள்ளை, இஞ்ச வந்து பார், அந்தக் கறுப்புத் தொப்பிக்காரன் திரும்ப வந்திட்டான்” என்று ஒருநாள் என்னை அழைத்தார். கறுப்பு உச்சி, கறுப்புத் தொண்டை, நடுவே வெள்ளைக் கன்னம். நூலகத்தில் படங்களைப் புரட்டி அதன் பெயர் சிக்கடீ என்று கண்டுபிடித்தேன். அம்மா அந்தப் பெயரை ஏற்கவில்லை. இன்றுவரை அது கறுப்புத் தொப்பிக்காரன்தான்.

ஏறத்தாழ 11 கிராம் எடையுள்ள அந்தப் பறவை குளிர்காலத்தை எப்படிக் கடக்கிறது என்று படிக்கப் படிக்க எனக்கு மரியாதை கூடியது. கடுங்குளிர் இரவுகளில் அது தன் உடல் வெப்பத்தைப் பகலில் இருப்பதைவிடப் பத்துப் பாகைக்கும் மேலாகத் தாழ்த்தி, உடலில் உள்ள கொழுப்பைச் சிக்கனப்படுத்துகிறது. இலையுதிர்காலத்தில் விதைகளை ஒவ்வொன்றாக ஆயிரக்கணக்கான இடங்களில் மரப்பட்டைகளுக்குள் ஒளித்துவைத்து, பின்னர் நினைவிலிருந்து தேடி எடுக்கிறது. ஆபத்தைக் கண்டால் அது எழுப்பும் ஒலியின் முடிவில் வரும் ‘டீ, டீ’ என்னும் அசை, ஆபத்து பெரிதாகும்போது எண்ணிக்கையில் கூடும் என்பது 2005இல் வெளியான ஓர் ஆய்வின் முடிவு. அதற்குப் பிறகு நாங்கள் அந்த அசைகளை எண்ணத் தொடங்கினோம். ஒருமுறை ஆறேழு தடவை தொடர்ந்து கேட்டு, அம்மா சொன்ன திசையில் பார்த்தபோது, ஊசியிலை மரத்தின் தண்டோடு ஒட்டிக்கொண்டு ஒரு சிறிய ஆந்தை உறங்கிக்கொண்டிருந்தது.

ஓடையோரப் பாதையில் நடந்தபோது, கறுப்புத் தொப்பிக்காரர்களில் ஒருவர் அம்மாவின் கையுறைமீது வந்து அமர்ந்தார். எங்களிடம் கொடுப்பதற்கு எதுவும் இல்லை. அந்த வழியால் நடப்பவர்கள் விதை கொடுத்துப் பழக்கியிருக்க வேண்டும். இரண்டு விநாடிகள்கூட இருக்காது. பறந்துபோன பிறகும் அம்மா கையைக் கீழே இறக்காமல் நின்றார். கம்பளிக்கு ஊடாகவும் நகம் பட்டது தெரிந்ததாம்.

குளிர்காலத்தைப் பற்றி நான் கொண்டிருந்த எண்ணத்தை மாற்றியவை வேறு இரண்டு பறவைகள். ஜங்கோ என்னும், சாம்பல் உடலும் வெள்ளை வயிறும் கொண்ட குருவி ஒக்டோபரில் வந்து ஏப்ரலில் போய்விடும். அது கோடையில் வந்து குளிருக்கு ஓடிப்போகும் பறவையாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்த எனக்கு, அதன் கணக்கு நேர்மாறானது என்பது வியப்பாக இருந்தது. வடக்கே உள்ள காடுகளிலிருந்து, குளிருக்குத் தப்பி அது ஸ்காபரோவுக்கு வருகிறது. ஸ்காபரோ புளவ்ஸ் மலைமுகப்பின் அடியில், ஜனவரிக் காற்றில் ஒன்ராறியோ ஏரியின்மீது கூட்டமாக மிதக்கும் நீள்வால் வாத்துகள் ஆர்க்டிக் சமவெளிகளிலிருந்து வந்தவை. நாங்கள் பற்கள் கிட்டிப்போய் நின்ற அந்தக் கரை அவற்றுக்குத் தெற்கு. உறைந்துபோகாத நீரும் உணவும் உள்ள இடம். இதை அம்மாவுக்கு விளக்கியபோது நெடுநேரம் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அப்படியென்றால் அதுகளின் ஊரில் எவ்வளவு குளிராக இருக்கும் என்று மட்டும் கேட்டார்.

வசந்தத்தின் வருகையை இங்குள்ளவர்கள் ரொபின் பறவையைக் கொண்டு சொல்வார்கள். என் கணக்கில் அது மார்ச் தொடக்கத்தில், நீர்நிலைகளில் இன்னும் பனிக்கட்டி மிதக்கும்போதே வந்து, காய்ந்த நாணல் தண்டில் தொற்றிக்கொண்டு கத்தும் கரும்பறவையோடு தொடங்குகிறது. தோளில் சிவப்புப் பட்டி உள்ள அந்த ஆண்பறவை, கூடு கட்டும் மே, ஜூன் மாதங்களில் பாதையில் நடப்பவர்களின் தலையைக் குறிவைத்துப் பாயும். தொப்பி அணிந்து, நிற்காமல் கடந்துவிட்டால் போதும்.

மே மாதத்தின் இரண்டாம், மூன்றாம் வாரங்களுக்கு ஈடாக ஆண்டில் வேறு நாட்கள் இல்லை. மத்திய அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் குளிர்காலத்தைக் கழித்த வார்ப்ளர் என்னும் கதிர்க்குருவி வகைகள் இரவில் பறந்து ஏரியைக் கடக்கின்றன. விடியும்போது களைத்துப்போய், கரையில் தென்படும் முதல் மரங்களில் இறங்கிவிடுகின்றன. அதனால்தான் ஏரியோரப் பூங்காக்களில் ஒரே மரத்தில் ஐந்தாறு இனங்களைக் காண முடிகிறது. கனடாப் பெருநிலத்தின் தென்கோடியான பொயின்ற் பீலி தேசியப் பூங்காவுக்கு இதற்காகவே மக்கள் திரள்கிறார்கள். நாங்களும் ஒருமுறை போனோம். ஆயினும் அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று புதிதாக வந்தவர்களிடம் நான் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு அருகே ஒரு பாதையைத் தேர்ந்துகொண்டு, வாரந்தோறும் அதிகாலையில் அதே பாதையில் நடந்து, ஒரே இடத்தில் பத்து நிமிடம் அசையாமல் நின்று பார்ப்பதே எனக்குப் பெரும் பலன் தந்தது. போன வாரம் இல்லாதது இந்த வாரம் இருக்கிறது என்பது அப்போதுதான் கண்ணில் படும். கோர்னெல் பல்கலைக்கழகத்தின் மெர்லின் செயலி 2021 முதல் ஒலியைக் கேட்டும் இனத்தைச் சொல்லிவிடுகிறது. அது பெரிய உதவி. ஆனால் திரையில் பெயர் வந்ததும் பறவையைத் தேடாமல் விட்டுவிடும் ஆபத்தும் அதில் உண்டு.

எங்கள் யன்னலைப் பற்றியும் எழுத வேண்டும். ஓர் ஒக்டோபர் காலையில் கண்ணாடியில் ஏதோ மோதிய மெல்லிய ஓசை கேட்டது. பல்கனித் தரையில், தங்கமுடிக் கிங்லெற் என்னும் சிறு பறவை அலகைச் சற்றே திறந்தபடி கிடந்தது. கையில் எடுத்தபோது எடை இருப்பதாகவே தெரியவில்லை. ஏறத்தாழ 6 கிராம், சட்டைப்பையில் கிடக்கும் அந்த லூனி நாணயத்தின் எடைதான். பச்சையும் சாம்பலும் கலந்த உடல். உச்சியில் கறுப்புக் கரையிட்ட மஞ்சள் கோடு. அந்த மஞ்சளை விரல்நுனியால் விலக்கினால் உள்ளே நெருப்பு நிறத்தில் இன்னொரு கோடு. இதயம் துடிப்பது தனித்தனித் துடிப்பாக அல்லாமல் ஒரு நடுக்கமாகவே என் உள்ளங்கையில் தெரிந்தது. சப்பாத்துப் பெட்டியில் துணியை விரித்து அதை உள்ளே வைத்து, மூடி, இருட்டான மூலையில் சத்தமின்றி விட்டோம். தண்ணீரோ உணவோ கொடுக்கக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு உள்ளே கீறும் ஒலி கேட்டது. வெளியே கொண்டுபோய்த் திறந்ததும் மரங்களுக்குள் மறைந்துவிட்டது.

எல்லாப் பறவைகளும் அப்படித் தப்புவதில்லை. கனடாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2.5 கோடிப் பறவைகள் கட்டடக் கண்ணாடிகளில் மோதி இறப்பதாக 2013இல் மதிப்பிட்டார்கள். கண்ணாடியில் தெரியும் மரத்தின் பிம்பத்தை மரமென்றே அவை நம்புகின்றன. பருந்தின் நிழலுரு ஒன்றை ஒட்டுவதால் பயன் இல்லை. கண்ணாடியின் வெளிப்புறம் முழுவதும் 5 சென்ரிமீற்றர் இடைவெளியில் புள்ளிகள் இருக்க வேண்டும். 1993 முதல் ரொறன்ரோவில் இயங்கிவரும் ஃபிளாப் என்னும் தன்னார்வ அமைப்பு இதைத்தான் வலியுறுத்துகிறது. நானும் அம்மாவும் ஒரு சனிக்கிழமை முழுவதும் நூல்பிடித்து அளந்து புள்ளிகளை ஒட்டினோம். எங்கள் யன்னலில் அதற்குப் பிறகு மோதல் ஓசை கேட்கவில்லை. கட்டடத்தின் மற்ற யன்னல்களுக்காக நிர்வாகத்துக்கு இருமுறை கடிதம் எழுதினேன், பதில் வரவில்லை. மூன்றாவது கடிதத்தையும் எழுதத்தான் போகிறேன்.

தூரமாக நடக்க விரும்பினால் றூஜ் தேசிய நகரப் பூங்காவுக்குப் போவோம். 2015இல் சட்டபூர்வமாக நிறுவப்பட்ட, கனடாவின் முதலாவது தேசிய நகரப் பூங்கா அது. பரப்பு 79 சதுர கிலோமீற்றர். நுழைவுக் கட்டணம் இல்லை. அங்கு உண்ணிகள் இருக்கின்றன. கறுப்புக்கால் உண்ணியின் கடியால் லைம் நோய் வரலாம். ஆகவே காற்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகி நடந்து, வீடு திரும்பியதும் உடம்பைச் சோதித்துப் பார்க்க வேண்டும். மூன்று மூன்று இலையாக வளரும் நச்சுப் படர்கொடியைத் தொட்டால் தோல் கொப்பளிக்கும். கயோட்டி என்னும் ஓநாயினத்தைக் கண்டால் முதுகு காட்டி ஓடக் கூடாது. சத்தமிட்டபடி மெதுவாகப் பின்வாங்க வேண்டும். எங்களை ஒரேயொரு முறை பார்த்த கயோட்டி, நாங்கள் சத்தமிடும் முன்பே போய்விட்டது. தொடக்கத்தில் நாங்களும் குளத்துத் தாராக்களுக்குப் பாண் துண்டுகளை எறிந்திருக்கிறோம். பாண் அவற்றின் வயிற்றை நிரப்புமே தவிர, வளர்ச்சிக்கு வேண்டிய சத்தைத் தராது என்று ஒரு பூங்காத் தன்னார்வலர் பொறுமையாகச் சொன்ன நாளோடு நிறுத்திவிட்டோம்.

செப்ரெம்பரில் ஏரிக்கரையின் மேலே பருந்துகள் வட்டமிட்டபடி மேற்கே போகும். நீரின்மேல் அவற்றைத் தூக்கிச் செல்லும் வெப்பக்காற்று எழுவதில்லை. அதனால் ஏரியைக் கடக்காமல் கரையை ஒட்டியே பறக்கின்றன. அதே கரையால் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகளும் மெக்சிக்கோவை நோக்கிப் போகின்றன. கீழே ஹைலண்ட் கிறீக்கில் சினூக் சமன் மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து ஏறிவந்து, முட்டையிட்டு, இறந்துபோகின்றன. முழங்கால் அளவு நீரில், முதுகு வெளியே தெரிய, கல்லோடு உரசி உரசி ஒரு பெரிய மீன் மேலே ஏறுவதைக் கரையில் நின்று பார்த்தவர்கள் யாரும் அன்று சத்தமாகப் பேசவில்லை.

இவற்றையெல்லாம் அம்மா சுவரில் தொங்கும் நாட்காட்டியில் குறித்து வைக்கிறார். 1900ஆம் ஆண்டு வட அமெரிக்காவில் முதன்முதலாக நடந்த கிறிஸ்மஸ் காலப் பறவைக் கணக்கெடுப்பில் ரொறன்ரோவும் ஓர் இடமாக இருந்தது என்று சொன்னபோது, தானும் அதைத்தானே செய்கிறேன் என்றார். ஆண்டு முடிந்தாலும் பழைய நாட்காட்டிகளை எறிய விடுவதில்லை; தோள்சிவப்பன் போன ஆண்டைவிட நான்கு நாட்கள் முந்தி வந்தான் என்பதை அவற்றைப் பார்த்துத்தான் சொல்கிறார். இந்த ஏப்ரலில் ஜங்கோக்களைத் தொடர்ந்து ஐந்து நாட்கள் காணாததால், ஆறாம் நாள் காலையில் “சாம்பல் சட்டைக்காரர் போயிட்டினம்” என்று எழுதினார். பிறகு தாள்களைப் புரட்டி, ஒக்டோபர் மாதத்தின் இரண்டாம் வாரத்தில் பென்சிலால் ஒரு சிறு புள்ளி இட்டுவைத்தார்.