கோடநாடு சாலையில் ஏழு வளைவுகள்

போன குளிர்காலத்தில் இதே சாலையில் மூன்று முறை போய் வந்தேன். பைக்கை ஓட்டிக்கொண்டே பார்ப்பது, ஏதாவது பறந்தால் நிறுத்துவது என்று இருந்ததில் சின்னான்களும் மைனாக்களும்தான் கணக்கில் ஏறின. இந்த ஜனவரியில் வழியை மாற்றினேன். 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில், ஒரு பட்டியலுக்குக் குறைந்தது 15 நிமிடமாவது பார்க்கச் சொல்வார்கள். அதையே நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டேன். கொத்தகிரியிலிருந்து கோடநாடு வரை சுமார் 18 கிலோமீட்டர். அதில் ஏழு வளைவுகள், ஒவ்வொன்றிலும் இன்ஜினை அணைத்துவிட்டுக் கால் மணி நேரம்.

முதல் நிறுத்தம் லாங்வுட் சோலை ஓரம், காலை 6:45. விரல் மரத்துப்போய் பைனாகுலரின் சக்கரத்தைத் திருப்பக்கூட முடியவில்லை. முதல் பத்து நிமிடம் ஒன்றுமே இல்லை. பிறகு முழங்கால் உயரப் புதரிலிருந்து பூச்சி ரீங்கரிப்பதுபோல மெல்லிய குரல். குனிந்து பார்த்தால் கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான். மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரங்களை விட்டு வேறெங்கும் வாழாத பறவை, இரண்டு மீட்டர் தூரத்தில்! போன வருடம் இதைத் தாண்டித்தான் மூன்று முறையும் போயிருக்கிறேன்.

அடுத்த இரண்டு வளைவுகளிலும் பெரிதாக எதுவும் இல்லை. ஒரு தவறை மட்டும் எழுதிவைக்க வேண்டும். தலைக்கு மேலே 'ச்சிஸ்லி' என்று கேட்டதும் வாலாட்டி என்று குறித்துவிட்டேன். நின்று கேட்டபோது குரல் சில்வர் ஓக் உச்சியைவிட்டு நகரவே இல்லை. அது பச்சைக் கதிர்க்குருவி. இரண்டின் குரலும் அவ்வளவு நெருக்கம்.

நான்காவது வளைவில்தான் நாள் திறந்தது. 9:10க்கு வெயில் சோலை மேல் விழுந்தது. இலைகளில் பூச்சிகள் அசையத் தொடங்கின. உடனே கலப்புக் கூட்டம் வந்தது. முன்னால் சாம்பல் தலை ஈப்பிடிப்பான், பின்னால் வெள்ளைக்கண்ணிகள், பட்டாணிக்குருவி, தண்டில் தலைகீழாக இறங்கும் பசையெடுப்பான். ஆறு நிமிடத்தில் கடந்து போய்விட்டன. சமவெளியில் ஆறு மணிக்கே ஏரிக்கரையில் நிற்கும் பழக்கம் எனக்கு. இங்கே குளிர்காலத்தில் வெயிலுக்காகக் காத்திருக்க வேண்டும் என்பது இப்போதுதான் உறைத்தது.

ஐந்தாவது வளைவு, கேரட் தோட்டத்துக்கு மேலே. வேலிக் கம்பியில் சாம்பல் பழுப்பில் சின்ன ஈப்பிடிப்பான். வாலை வெடுக்கென்று உயர்த்தியது. வாலின் அடியில் இரு பக்கமும் வெள்ளை. நெஞ்சு அடித்துக்கொண்டது. வடமேற்கு இமயத்தில் கூடு கட்டி, குளிர்காலத்துக்கு இந்த மலைகளுக்கும் இலங்கையின் மலைநாட்டுக்கும் வரும் காஷ்மீர் ஈப்பிடிப்பானாக இருக்கலாம். ஆணாக இருந்தால் ஆரஞ்சுத் தொண்டையின் ஓரங்களில் கருப்புக் கோடு தெரியும், சந்தேகமே வராது. இது பெண். செம்மார்பு ஈப்பிடிப்பானின் பெண்ணும் ஏறக்குறைய இப்படித்தான். காஷ்மீர் என்று சொல்ல வைக்கும் லேசான செம்மை மார்பில் இருந்ததா, காலை வெயிலின் நிறமா? நாற்பது நிமிடம் நின்றும் முடிவுக்கு வர முடியவில்லை.

தேயிலைக் கூடையோடு வந்த ஒரு பாட்டி பக்கத்தில் நின்றார்.

"என்னப்பா பாக்குற?"

"குருவிங்க பாட்டி. குளிருக்கு வடக்கேயிருந்து வருது."

கண்ணைச் சுருக்கிக் கம்பியைப் பார்த்தார். "நாங்க நுவரெலியாப் பக்கம் இருந்தப்ப லயத்து வேலியில இந்த மாதிரி ஒண்ணு குந்தியிருக்கும். தொண்டையில செம்மண்ணு பூசுனாப்ல."

லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். சிறு வயதில் இலங்கை மலைநாட்டின் நுவரெலியாவிலிருந்து தாயகம் திரும்பியவர். மேலே கேட்பதற்குள் மேஸ்திரி கூப்பிட, போய்விட்டார்.

மீதி இரண்டு வளைவுகளில் காற்று பலம். காட்சிமுனையில் மாயார்ப் பள்ளத்தாக்கு முழுக்க மூட்டம்.

மொத்தம் 31 இனங்கள். அந்தப் பெண் பறவையை இனம் குறிப்பிடாமல் 'ஈப்பிடிப்பான்' என்றே பதிந்தேன். காஷ்மீர் என்று எழுதக் கை பரபரத்தது. ஆனால் அந்தப் பட்டியலை நம்பி இன்னொருவர் இங்கே வருவார். மார்ச் கடைசியில் இவை வடக்கே கிளம்பிவிடும். பிப்ரவரி இரண்டாம் வாரம், ஒன்பது மணி வெயிலுக்கு, அதே வேலியில் நிற்பதாக இருக்கிறேன்.