சுங்கை சிப்புட்டில் ரோட்டரி வண்டி வைத்திருப்பது

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காகச் சுங்கை சிப்புட் போன்ற மலேசியத் தோட்டத்து ஊர்களுக்கு வருகிறவர்களில் கார்ப் பைத்தியம் உள்ளவர்கள் முதலில் கவனிப்பது பழைய கார் விளம்பரங்களைத்தான். ஊரில் படத்தில் மட்டுமே பார்த்த மாஸ்டா ஆர்எக்ஸ்-8 இங்கே கைக்கு எட்டும் விலையில் நிற்கும். டர்போ உள்ள ஆர்எக்ஸ்-7 எஃப்டி கிடைப்பது அரிது, விலையும் அதிகம். ஆசை வருவது இயல்பு. ஆனால் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களுக்கு நடுவே இவற்றின் ரோட்டரி எஞ்சினை உயிரோடு வைத்திருக்கத் தனிப் பழக்கங்கள் வேண்டும். அவை கைவந்த பிறகுதான் பவரைக் கூட்டுவதைப் பற்றிப் பேசலாம்.

இரண்டு வண்டியிலும் உள்ள 13பி எஞ்சினில் பிஸ்டனும் கிடையாது, வால்வும் கிடையாது. தலா 654 சிசி கொண்ட இரண்டு ரோட்டர்கள், ஒவ்வொன்றும் முக்கோண வடிவம்: மூன்று முனைகள், மூன்று முகங்கள். முனையில் 2 மி.மீ. தடிப்புள்ள ஏபெக்ஸ் சீல் ஹவுசிங்கின் (வெளிக்கூட்டின்) சுவரை உரசியபடியே ஓடும். அந்தச் சீல்களும் அவற்றின் ஸ்பிரிங்குகளும் நன்றாக இருக்கும் வரைக்கும்தான் எஞ்சின்.

ஆகவே வாங்கும் முன் கம்ப்ரஷன் (அறைக்குள் உருவாகும் அழுத்தம்) பார்க்காமல் முன்பணம் கொடுக்கக்கூடாது. சாதாரண கேஜ் மூன்று முகங்களில் அதிகமானதை மட்டும் காட்டி ஏமாற்றும். ரோட்டரிக்கான டெஸ்டர் வேண்டும். அது ஈப்போவிலோ கிள்ளான் பள்ளத்தாக்கிலோ ரோட்டரி வேலை பார்க்கும் பட்டறையில்தான் இருக்கும். "அண்ணே, மூணு முகத்தையும் தனித்தனியா காட்டுங்க" என்று கேளுங்கள், நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆர்எக்ஸ்-8-க்கு நிமிடத்துக்கு 250 சுற்றில் புதிய அளவு 830 கிலோபாஸ்கல், குறைந்தபட்சம் 680. ஒரே ரோட்டரின் முகங்களுக்கிடையே 150-க்கு மேலோ, இரண்டு ரோட்டர்களுக்கிடையே 100-க்கு மேலோ வித்தியாசம் இருந்தால் விலகிவிடுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது பார்க்க வேண்டும். குளிர்ந்த எஞ்சின் உடனே ஸ்டார்ட் ஆவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சூடான பிறகு அணைத்து, பத்து நிமிடம் விட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது திணறினால், டெஸ்டர் சொல்லப்போவது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இந்த எஞ்சினுக்குத் தோட்டத்து ஊர் வாழ்க்கையில் பெரிய எதிரி குட்டிப் பயணம்தான். கடைத்தெருவுக்குப் போய்வருவது, கழுவுவதற்காக வண்டியைப் பத்தடி நகர்த்தி அணைப்பது. குளிர்ந்த எஞ்சினுக்குள் பெட்ரோல் அதிகமாகப் பாயும். சூடேறும் முன் அணைத்தால் எரியாத பெட்ரோல் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். சீல் அடைக்காது, கம்ப்ரஷன் போகும், வண்டி எழாது. பக்கத்து வீட்டில் கல்யாணக் கூடாரம் போட வண்டியை நகர்த்தச் சொன்னால் கியரை நியூட்ரலில் போட்டுக் கையால் தள்ளுங்கள்.

அப்படியும் எஞ்சினுக்குள் பெட்ரோல் வெள்ளம் அடித்துவிட்டால், ஆக்ஸிலேட்டரைத் தரை வரை மிதித்தபடி ஐந்து முதல் பத்து வினாடி செல்ஃப் அடிக்க வேண்டும். ஆர்எக்ஸ்-8-இல் அப்படி மிதித்தால் இன்ஜெக்டர்கள் நின்றுவிடும். எழாவிட்டால் நான்கு பிளக்கையும் கழற்றிக் காயவைத்து, கீழ் பிளக் துளை வழியாக ஒவ்வொரு ரோட்டருக்கும் 5 முதல் 10 மி.லி. எஞ்சின் எண்ணெய் விட்டு மறுபடி முயலுங்கள். கிளம்பும் வெள்ளைப் புகையைப் பார்த்து அஞ்ச வேண்டாம், விட்ட எண்ணெய்தான் எரிகிறது. பாட்டரி பலவீனமாக இருந்தால் இதில் எதுவும் பலிக்காது.

எண்ணெய் குறைவது நோயல்ல. சீலுக்கு மசகு தருவதற்காக எஞ்சினே எண்ணெயை அறைக்குள் செலுத்துகிறது. இரண்டு முறை பெட்ரோல் போட்டால் ஒரு முறை டிப்ஸ்டிக் பாருங்கள், 5,000 கிலோமீட்டரில் எண்ணெய் மாற்றுங்கள். பலர் பெட்ரோலிலும் 2டி (டூ-ஸ்ட்ரோக்) எண்ணெய் கலக்கிறார்கள், நாமும் அதையே சொல்வோம். 50 லிட்டருக்கு 200 மி.லி. போதும், அறைக்குள் எண்ணெய் செலுத்தும் அந்தப் பம்ப் கழற்றப்பட்ட வண்டியென்றால் 400. தோட்டத்தில் புல்வெட்டும் மெஷினுக்கு விற்கும் எண்ணெய்தான், ஆனால் டப்பாவில் ஜாசோ எஃப்சி அல்லது எஃப்டி என்ற தரக்குறி இருக்க வேண்டும். பெட்ரோலைப் பொறுத்தவரை, 2025 செப்டம்பர் இறுதியில் வந்த, ஆர்ஓஎன்95 பெட்ரோலுக்கான பூடி95 மானியச் சலுகை மலேசியக் குடிமக்களுக்கு மட்டுமே. வேலை பெர்மிட்டில் இருப்பவர் எப்படியும் மானியமில்லாத விலைதான் கொடுக்கிறார், ஆகவே அதைவிட ஆக்டேன் கூடிய ஆர்ஓஎன்97-க்கு ஏறுவதில் தயங்க ஒன்றுமில்லை. டர்போ வண்டிக்கு அதற்குக் கீழே போகவே கூடாது.

அடுத்தது சூடு. ரோட்டர்களைக் குளிர்விப்பது எண்ணெய். அதன் கூலர்கள் முன் பம்பரின் கீழ் மூலைகளில் இருக்கின்றன. செம்பனை லோரிகளுக்குப் பின்னால் ஓடினால் நாரும் செம்மண்ணும் அங்கேதான் போய் அடையும். மாதம் ஒருமுறை பின்பக்கத்திலிருந்து மெதுவான தண்ணீரில் கழுவுங்கள், பிரஷர் வாஷர் அதன் துடுப்புகளை வளைத்துவிடும். டாஷ்போர்டு சூட்டு முள்ளை நம்பாதீர்கள், ஆபத்து நெருங்கும் வரை அது நடுவிலேயே நிற்கும். ஆர்எக்ஸ்-8-க்கு ஓபிடி டாங்கிள் (வண்டிக் கணினியின் அளவுகளைப் போனுக்கு அனுப்பும் சிறு கருவி) வாங்கிப் போனில் பார்க்கலாம், எஃப்டிக்குத் தனி கேஜ் வேண்டும். தண்ணீரின் சூடு 105 டிகிரியைத் தாண்டினால் வேகத்தைக் குறையுங்கள், 110-இல் ஓரங்கட்டி நிறுத்துங்கள். அலுமினிய ஹவுசிங்கும் இரும்புத் தட்டுகளும் அடுக்கி நீண்ட போல்ட்டுகளால் இறுக்கிய எஞ்சின் இது, ஒருமுறை ஓவர்ஹீட் ஆனாலே நடுவிலுள்ள தண்ணீர் சீல் போய்விடும். பிறகு ரேடியேட்டரில் குமிழி, காலையில் வெள்ளைப் புகை, முழு எஞ்சினையும் பிரிக்க வேண்டியதுதான்.

ஆர்எக்ஸ்-8-இன் இன்னொரு பலவீனம் இக்னிஷன் காயில். பிளக்குக்கு ஒன்றாக நான்கு. 50,000 கிலோமீட்டருக்குள் நான்கையும் வயர்களோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். தீப்பொறி குறைந்தால் எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரியும், அது உருகி அடைக்கும், வெளியேற முடியாத சூடு எஞ்சினுக்கே திரும்பும். "எஞ்சின் போச்சு" என்று கைவிடப்பட்ட பல வண்டிகளின் கதை இந்தக் காயிலில்தான் தொடங்கியிருக்கிறது. பிளக் மாற்றும்போது கீழே ஆர்இ7சி-எல், மேலே ஆர்இ9பி-டி. இடம் மாறக்கூடாது.

சூடேறும் வரை 4,000 சுற்றைத் தாண்டாதீர்கள். சூடேறிய பிறகு தாண்டாமல் இருக்காதீர்கள். ஆறு கியர் வண்டியில் எஞ்சினுக்குள் காற்று நுழையும் பாதையில் 6,250 சுற்றுக்கு மேல் திறக்கும் துணை வால்வுகள் உண்டு. ஊருக்குள்ளேயே உருட்டினால் கரி படிந்து அவை சிக்கிக்கொள்ளும். பிளஸ் நெடுஞ்சாலையில் ஏறும்போது இரண்டாம் கியரில் 8,000 வரை இழுங்கள். வேகம் 100-க்குச் சற்றுக் கீழேதான் இருக்கும், 110 வரம்பை மீற வேண்டியதில்லை.

இனி பவர். ஆர்எக்ஸ்-8-இல் ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட் என்று செலவழித்தால் கூடுவது சில குதிரைத்திறன், மிஞ்சுவது சத்தம். அந்தப் பணத்தைக் காயில், ரேடியேட்டர், பிரேக், நல்ல டயர் என்று போடுங்கள். எஃப்டியில் பவர் எளிதாக வரும், ஆபத்தும் அப்படியே. ஒரிஜினல் பூஸ்ட், அதாவது டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தம், 10 பிஎஸ்ஐ. பலரும் முதலில் எக்ஸாஸ்டைத் திறந்துவிடுகிறார்கள். டர்போவின் அழுத்தத்தை அடக்கும் சிறிய வேஸ்ட்கேட்டால் கட்டுப்படுத்த முடியாமல் பூஸ்ட் தானாக ஏறும், பெட்ரோல் போதாது, நாக்கிங் (கலவை நேரந்தவறி வெடிப்பது) வரும், ஏபெக்ஸ் சீல் உடையும். முன்னறிவிப்பு ஏதும் இருக்காது. முதலில் பூஸ்ட் கேஜும், காற்று–பெட்ரோல் விகிதம் காட்டும் வைட்பேண்டும். பிறகு கடினமாகிப்போன வேக்குவம் குழாய்கள் அனைத்தையும் சிலிகானுக்கு மாற்றி, குளிர்விக்கும் தண்ணீரிலிருந்து காற்றைப் பிரிக்கும், விரிசல் விடும் பிளாஸ்டிக் டேங்கை அலுமினியத்தில் போடுங்கள். அதன் பின் பெட்ரோல் பம்ப், இண்டர்கூலர், ஈசியு (எஞ்சினின் கணினி). எக்ஸாஸ்ட் கடைசியில்தான்.

ஹாஃப்கட் எஞ்சின் (வெளிநாட்டில் பாதியாக வெட்டி இறக்குமதி செய்த பழைய வண்டியின் எஞ்சின்) மாற்றுவதாக இருந்தால் ரசீதையும் இறக்குமதித் தாளையும் கடைக்காரத் தவுக்கேயிடம் அன்றே வாங்குங்கள். எஞ்சின் எண் மாறினால் புஸ்பாகோம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் வண்டிச் சோதனையும் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பதிவும் வேண்டும், இன்சூரன்ஸுக்கும் சொல்ல வேண்டும். பெர்மிட்டில் இருப்பவர் இதில் அலட்சியம் காட்டக்கூடாது.

டைனோவில் (வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு பவரை அளக்கும் கருவியில்) டியூன் செய்யும் நாளில் முழு பூஸ்டில் காற்று–பெட்ரோல் விகிதம் 11-ஐ ஒட்டியே இருக்கட்டும். கலவையை 12-க்கு மெலியவைத்துப் பத்துக் குதிரைத்திறன் கூட்டித் தருகிறேன் என்று டியூனர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டைனோ அறையில் பெரிய விசிறி ஓடுகிறது. நெடுஞ்சாலையில் மத்தியான வெயிலில் அந்தப் பத்துக்குத்தான் சீல் உடையும்.