பழைய பிஎம்டபிள்யூ எம்3 காருக்குப் புது பிரேக்

பிப்ரவரி 2, ஞாயிறு
மலை இறக்கத்தில் நாலாவது வளைவிலேயே பெடல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க ஆரம்பித்தது. ஏழாவதில் கிட்டத்தட்டத் தரையைத் தொட்டுவிட்டது. கியரைக் குறைத்து, எஞ்சின் இழுவையிலேயே வேகத்தைக் கட்டுப்படுத்தி ஓரம் கட்டினேன். முன்சக்கரங்களில் கருகல் வாடை. அரைமணி நேரம் கழித்து அழுத்திப் பார்த்தால், ஒன்றுமே நடக்காதது மாதிரி பெடல் மேலே நிற்கிறது! 1995 மாடல் எம்3 இது, இ36 தலைமுறை. எஞ்சினுக்கு இதுவரை நான் செய்த உபசாரத்தில் கால்வாசிகூட பிரேக்குக்குச் செய்ததில்லை.

பிப்ரவரி 5, புதன்
மூன்று ராத்திரியாக ஆறு பிஸ்டன் காலிப்பர் (சுழலும் டிஸ்கைப் பேடுகளால் இறுக்கிப் பிடிக்கும் கவ்வி) படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சிவப்பு நிறம். கை பரபரக்கிறது.

ஆனால் உட்கார்ந்து யோசித்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. இப்போதுள்ள பிரேக்கையே ஓங்கி மிதித்தால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. அதாவது சக்கரத்தைப் பூட்டும் பலம் இதற்கே இருக்கிறது. அதற்கு மேல் வண்டி எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பது டயரின் பிடிமானம். பெரிய டிஸ்க் உதவுவது வெப்பத்தைத் தாங்க; பத்தாவது முறை மிதிக்கும்போதுதான் அதன் அருமை தெரியும். முன்பக்கம் மட்டும் பெரிய பிஸ்டன் போட்டால் அதிக பிரேக் ஆயில் தள்ள வேண்டும், பெடல் ஆழம் போகும். பின்பிரேக் சும்மா இருக்க, முன்பக்கமே எல்லாவற்றையும் சுமக்கும். கம்பெனி கொடுத்ததே முன்னால் 315 மி.மீ., பின்னால் 312. சின்ன டிஸ்க் என்று யாரும் சொல்ல முடியாது.

வாங்குவதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

பிப்ரவரி 8, சனி
கழற்றினேன். வெட்கமாக இருக்கிறது.

இந்தக் காலிப்பரில் ஒரே பிஸ்டன். அது உள்பக்கப் பேடைத் தள்ளும். பிறகு காலிப்பரே கம்பிகளின் மேல் நகர்ந்து வெளிப்பக்கப் பேடை இழுத்துக் கொடுக்கும். இடது பக்கக் கம்பி துருவில் இறுகிக் கிடந்தது. உள்பேடில் 3 மி.மீ.தான் மிச்சம், வெளிப்பேடில் 8. இத்தனை நாளும் பாதி பிரேக்கில்தான் ஓட்டியிருக்கிறேன். வலது பக்கம் பிஸ்டன் ரப்பர் கிழிந்திருந்தது. பிடித்த பேடு முழுசாக விடவில்லை. டிஸ்கில் குறைந்தபட்சத் தடிமன் 26.4 என்று பொறித்திருக்கிறது. மைக்ரோமீட்டர் காட்டியது 26.1.

பிரேக் ஆயில்? டீத்தண்ணீர் நிறம். எஞ்சின் ஆயில் மாற்றிய பில் எல்லாம் ஃபைலில் வரிசையாக இருக்கிறது. பிரேக் ஆயிலுக்கு ஒரு பில்கூட இல்லை. அது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது, 3.7 சதவீதம் தண்ணீர் ஏறிவிட்டால் அந்த எல்லை 155. கொதித்தால் ஆவி, ஆவி அமுங்கும், பெடல் இறங்கும். ஆறியதும் திரும்பத் திரவமாகிவிடும். மலையில் நடந்தது அதுதான். பேடு சூடேறித் தோற்றிருந்தால் பெடல் கெட்டியாகவே இருந்திருக்கும், வண்டி மட்டும் நிற்காது.

ஆறு பிஸ்டன் ரத்து. ரீகண்டிஷன் செய்த காலிப்பர், துளையில்லாத சாதா டிஸ்க் (துளை போட்டதில் சூட்டுக்கு விரிசல் அங்கேதான் தொடங்கும்), சூடு தாங்கும் பேடு, ஸ்டீல் பின்னல் ஹோஸ், நல்ல டாட் 4. டாட் 5 வேண்டவே வேண்டாம். அது சிலிக்கான், மற்றதோடு சேராது.

பிப்ரவரி 15, சனி
பாதி நாள் டிஸ்க் உட்காரும் ஹப்பில் துரு சுரண்டியே போனது. அதில் ஒரு பொருக்கு மிஞ்சினாலும் புது டிஸ்க் ஆடும். பிறகு "டிஸ்க் வளைஞ்சிடுச்சு" என்று பழி வரும். டயல் கேஜில் டிஸ்கின் ஆட்டம் 0.03 மி.மீ. போதும்.

பிப்ரவரி 16, ஞாயிறு
பிரேக் ஆயிலிலிருந்து ஏர் எடுத்தோம். தம்பி பெடலில், நான் காலிப்பரில் காற்று வெளியேறும் நிப்பிளில். "அழுத்து." "அழுத்திட்டேண்ணே." "விடு." ஒரு லிட்டர் காலி. பெடல் இன்னும் பஞ்சு.

"அண்ணே, எனக்குக் கால் வலிக்குது. கார் சரியாகிற மாதிரி தெரியல."

பிப்ரவரி 17, திங்கள்
காலையில் பல் தேய்க்கும்போது உறைத்தது. நிப்பிள் கீழே பார்த்து இருந்தது! காற்று மேலேதான் நிற்கும், நான் அடியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். இடது காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருக்கிறேன். சாயங்காலம் மாற்றி மாட்டி மறுபடி எடுத்தோம். பெடல் கல். தம்பிக்குக் காரணத்தை இன்னும் சொல்லவில்லை.

பிப்ரவரி 22, சனி
ஆளில்லாத சாலையில் புதுப் பேடைப் பழக்கினேன். மணிக்கு 100 கி.மீ.-லிருந்து 20 வரை, பத்துத் தடவை, முழுசாக நிறுத்தாமல். சூட்டோடு நிறுத்தி மிதித்துப் பிடித்தால் பேடின் அச்சு டிஸ்கில் ஒட்டிவிடும். பிறகு பிரேக்கே தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிட்டேன்.

மார்ச் 2, ஞாயிறு
அதே இறக்கம். கடைசி வளைவிலும் பெடல் முதல் வளைவில் இருந்த இடத்திலேயே. வாடை இல்லை. ஒரே மிதியில் முன்னைவிடச் சீக்கிரம் நிற்கிறதா என்றால், எனக்குத் தெரிந்து இல்லை.

அடிவாரத்தில் ஹேண்ட்பிரேக் இழுத்துவிட்டு இறங்கினேன். வண்டி மெதுவாக உருண்டது. அது பின் டிஸ்குக்குள் தனி டிரம், தனி ஷூ. அதையும் நான் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.