ரோசலிண்ட் ஏன் வேடத்தைக் கலைக்கவில்லை?

பிப்ரவரி 3

மறுபடியும் ஷேக்ஸ்பியரின் ‘அஸ் யூ லைக் இட்’ நாடகம். ஆர்டன் காட்டில் ரோசலிண்டின் மேல் மரத்துக்கு மரம் காதல் கவிதை தொங்கவிடுகிறான் ஆர்லண்டோ. சகிக்கவில்லை. விதூஷகன் டச்ஸ்டோன் அதே சந்தத்தில் நக்கலாக எடுத்துவிடுவது எவ்வளவோ மேல்.

என்னைக் குடைவது வேறு. நாடுகடத்தப்பட்ட ரோசலிண்ட், வழியில் திருடர் பயத்தால் ஆண் உடை போட்டு கானிமீட் என்ற பையன் ஆனாள். சரி. இப்போது குடிசையும் ஆட்டுமந்தையும் வாங்கியாயிற்று. அப்பாவும் இதே காட்டில்தான். ஆர்லண்டோ தன்மேல் பைத்தியமாக இருப்பதும் தெரிந்துவிட்டது. இனி எதற்கு வேடம்?

பிப்ரவரி 4

நாலாம் அங்கம், முதல் காட்சி. ‘என்னையே ரோசலிண்டாக நினைத்துக் காதல் பேசு, உன் நோயைத் தீர்க்கிறேன்’ என்பது கானிமீட் செய்த ஏற்பாடு. ஒரு மணி நேரம் தாமதமாக வந்து நன்றாக வாங்கிக்கட்டிக்கொள்கிறான் ஆர்லண்டோ. அவள் மறுத்தால் செத்துப்போவேன் என்கிறான். உலகம் பிறந்து ஆறாயிரம் வருஷம் ஆகப்போகிறது, ஆண்கள் செத்தார்கள், புழு தின்றது, ஆனால் காதலுக்காக ஒருத்தனும் சாகவில்லை என்கிறாள் இவள். பாவாடையில் நின்றிருந்தால் கவிதையை வாங்கிக்கொண்டு தலைகுனிந்திருக்க வேண்டியதுதான். பையன் உடையில், கல்யாணத்துக்குப் பிறகு நீ எப்படி மாறுவாய் என்று முகத்துக்கு நேரே கேட்கலாம்.

பிறகு பொய்க் கல்யாணம். பாதிரியாராக நிறுத்தப்பட்ட, கூடவே காட்டுக்கு வந்த சித்தப்பா மகள் சீலியாவுக்கு வாயே வரவில்லை. பாவம், ரோசலிண்டே எடுத்துக்கொடுக்கிறாள்.

(அன்று இங்கிலாந்து மேடையில் பெண் வேஷம் பையன்களுக்குத்தான். பெண்ணாக வந்த பையன் ஆணாகி மறுபடி பெண்ணாக நடிக்கிறான். யோசித்தால் தலை சுற்றும்.)

பிப்ரவரி 5

ஐந்தாம் அங்கம். இனி நினைப்பிலேயே காலம் தள்ள என்னால் ஆகாது என்கிறான் ஆர்லண்டோ. உடனே ஆட்டத்தை நிறுத்துகிறாள். இதற்குத்தான் காத்திருந்தாள் போல.

பிப்ரவரி 8

ஷேக்ஸ்பியரின் இன்னொரு நாடகம் ‘ட்வெல்த் நைட்’ நேர் எதிர். இங்கேயும் ஆண் வேடம் போட்ட வயோலா, தான் காதலிக்கும் ஆர்சினோவுக்காகவே ஒலிவியாவிடம் காதல் தூது போகிறாள். வேடம் அவள் வாயைக் கட்டிவிடுகிறது. 1602 பிப்ரவரி 2 அன்று லண்டன் மிடில் டெம்பிளில் இதைப் பார்த்த சட்ட மாணவர் ஜான் மானிங்ஹாமின் நாட்குறிப்பு கிடைத்திருக்கிறது. ஒலிவியாவின் காரியஸ்தனை ஏமாற்றியதை ரசித்து எழுதியிருக்கிறார், வயோலா பெயரே இல்லை!

உண்மை தெரிந்த பிறகும் அவளால் உடை மாற்ற முடியாது. பெண் உடை அவளைக் கரைசேர்த்த கப்பல் தலைவனிடம் இருக்கிறது. அவனோ அந்தக் காரியஸ்தன் மால்வோலியோ போட்ட வழக்கில் சிறையில். அவமானப்பட்ட மால்வோலியோ, பழிவாங்குவேன் என்று கத்திவிட்டுப் போகிறான். ஓடிப்போய் அவனைச் சமாதானப்படுத்துங்கள், தலைவனைப் பற்றி அவன் இன்னும் சொல்லவில்லை என்று ஆளை விரட்டுகிறான் ஆர்சினோ.