ஈவோ மொராலெஸும் கோக்கா விவசாயிகளின் சங்கமும்

லாமா மேய்த்த சிறுவன் நாட்டின் அதிபரான கதையாகவே ஈவோ மொராலெஸின் வாழ்க்கையைப் பலரும் சொல்கிறார்கள். அது பொய்யில்லை; 1959இல் பொலிவியாவின் ஒருரோ மாநிலத்தில், உயர்ந்த வறண்ட சமவெளியில் ஐமாரா பழங்குடிக் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். ஆயினும் அவரை அதிபர் மாளிகைக்குள் கொண்டுசேர்த்தது அவருடைய தனித்திறமையைவிட ஒரு விவசாயச் சங்கத்தின் கட்டுக்கோப்பே என்பது என் எண்ணம்.

விளைச்சல் பொய்த்ததால் அவருடைய குடும்பம் சப்பாரே என்னும் வெப்பமண்டலப் பகுதிக்குக் குடிபெயர்ந்து, கொக்கெய்ன் போதைப்பொருளுக்கும் மூலமான கோக்கா செடியைப் பயிரிட்டது. 1985இல் வெள்ளீயத்தின் விலை சரிந்து, அரசுச் சுரங்கங்களில் 20,000க்கும் மேற்பட்டோர் வேலையிழந்தபோது, அவர்களில் ஒரு பகுதியினரும் பல பத்தாண்டுகளாகப் பழகிய போராட்ட ஒழுங்கோடு அங்கே வந்து சேர்ந்தார்கள். அரசின் கை எட்டாத அந்தக் காட்டுப் பகுதியில் நிலத்தைப் பங்கிட்டதும், வழக்குகளைத் தீர்த்ததும், சாலை மறியலுக்கு ஆள் திரட்டியதும் சங்கமே. பசியையும் மலையுயரத்தின் களைப்பையும் தாங்குவதற்கு ஆண்டிஸ் மக்கள் காலங்காலமாக மென்றுவரும் இலையை அமெரிக்காவின் நெருக்கடிக்குப் பணிந்து அரசு அழிக்கத் தொடங்கியதும், விவசாயிகளின் பிழைப்புப் போராட்டம் நாட்டின் இறையாண்மைக் கேள்வியாகவே மாறிவிட்டது.

தேர்தலில் நிற்பதற்குச் சொந்தப் பெயரில் கட்சிப் பதிவு கிடைக்காததால், வலதுசாரி மரபில் வந்த ஒரு சிறு கட்சியின் பதிவை மொராலெஸ் தலைமையில் இந்த விவசாயிகள் பெற்றுக்கொண்டார்கள். இன்று உலகமறிந்த 'சோசலிசத்துக்கான இயக்கம்' என்ற பெயர் வந்த வழி இந்த வேடிக்கைதான். 2002 அதிபர் தேர்தலில் மொராலெஸுக்கு வாக்களிக்கக் கூடாதென்று அமெரிக்கத் தூதர் வெளிப்படையாக எச்சரித்தது அவருக்குச் சாதகமாகவே முடிந்தது. வெற்றிபெற்றவரைவிட 2 விழுக்காட்டுக்கும் குறைவான வாக்குகளில்தான் அவர் பின்தங்கினார். மறு ஆண்டு, இயற்கை எரிவாயு ஏற்றுமதிக்கு எதிராக எல் ஆல்டோ நகரம் கிளர்ந்தெழுந்தது. 60க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதிபர் சான்செஸ் தெ லொசாதா பதவி விலகி அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்றார்.

2005 டிசம்பரில் மொராலெஸ் ஏறத்தாழ 54 விழுக்காடு வாக்குகள் பெற்றார். 1982இல் மக்களாட்சி திரும்பியதற்குப் பிறகு, அதுவரை எந்த வேட்பாளரும் பாதியைத் தாண்டியதில்லை; ஒவ்வொரு முறையும் நாடாளுமன்றமே அதிபரைத் தேர்ந்தெடுத்திருந்தது. பதவியேற்பதற்கு முன் அவர் மேற்கொண்ட வெளிநாட்டுப் பயணத்தில் அணிந்த கோடுபோட்ட கம்பளிச் சட்டையைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதித் தீர்த்தன. அதிபரான பின்னும் கோக்கா விவசாயிகளின் கூட்டமைப்புத் தலைவர் பதவியை அவர் விடவில்லை என்பதுதான் எனக்கு அதைவிட முக்கியமான செய்தியாகப் படுகிறது.